கரும்பு வயலும் ஆலை அடுப்பும்: மண் கரிமத்தின் ஒரு வட இந்திய வரலாறு

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 70 டன் கரும்பு வெட்டப்படுவதாகக் கொள்வோம். ஆலையில் அதிலிருந்து ஏறத்தாழ 7 டன் சர்க்கரை கிடைக்கும். சக்கை ஈரத்தோடு 20 டன் அளவுக்கு வெளிவரும். உலர்ந்தால் அதில் பாதி. வயலிலேயே உரித்துப் போடப்படும் சோகை 8 டன் அளவுக்கு இருக்கும். இவற்றில் அடங்கிய கரிமத்தைக் கணக்கிட்டால் சக்கையில் நாலரை டன், சோகையில் மூன்றரை டன், சர்க்கரையில் சுமார் 3 டன் என்று வரும். அத்தனையும் காற்றிலிருந்து இலை வழியாக வந்தவை. சர்க்கரை என்பது கரிமமும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்த பொருள். அது சந்தைக்குப் போவதால் மண் தன்னுடைய சத்து எதையும் இழப்பதில்லை. வேதியியல் ஏட்டின்படி பார்த்தால் கரும்பு மண்ணை மிகக் குறைவாகச் சுரண்டும் பயிர்களுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நாட்டின் பெரிய கரும்பு வட்டாரமாகிய கங்கைச் சமவெளியின் நிலங்களில் பெரும்பாலானவை மண் ஆய்வகத்தில் ‘கரிமம் குறைவு’ என்ற வகையில்தான் விழுகின்றன.

இந்த முரணுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு: உழவர் சோகையை எரிக்கிறார், தொழு உரம் இடுவதில்லை, யூரியாவை அள்ளிப் போடுகிறார். இதில் பொய் இல்லை. ஆனால் இது கதையின் கடைசி 50 ஆண்டுகளை மட்டும் சொல்கிறது. அதையும் வயலின் வரப்போடு நிறுத்திக்கொள்கிறது. கரும்பு மண்ணின் கரிமம் எங்கே போனது என்பதற்கான விடையில் பெரும்பகுதி வயலுக்கு வெளியே, அடுப்பில் கிடக்கிறது. வெல்ல அடுப்பு, வீட்டு அடுப்பு, பின்னர் ஆலைக் கொதிகலன் ஆகிய மூன்றும் எதை எரித்தன என்பதைப் பொறுத்தே எது மண்ணுக்குத் திரும்பியது என்பது அமைந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த 130 ஆண்டுக் கால ஆவணங்களில் கரிமம் எரிபொருளாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அல்லது நைட்ரஜனின் நிழலாக அளக்கப்பட்டிருக்கிறது. மண்ணின் கரிமம் தன்னளவில் ஒரு பொருளாக ஏடுகளில் ஏறியது மிகப் பிற்காலத்தில்தான்.

இங்கிலாந்தின் அரச வேளாண் கழகத்துக்கு ஆலோசனை வேதியியலராக இருந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889 இறுதியில் இந்தியா வந்தார். ஓராண்டுக்கு மேல் சுற்றிப் பார்த்து, இந்திய வேளாண்மையின் மேம்பாடு குறித்த தம் அறிக்கையை 1893இல் வெளியிட்டார். இந்திய உழவர் அறியாமையால் சாணத்தை எரிக்கிறார் என்று அன்றைய அதிகாரிகள் பலர் எழுதிவந்தனர். வோல்க்கர் அதை ஏற்கவில்லை. விறகு கிடைக்கும் ஊர்களில் சாணம் வயலுக்குப் போகிறது, விறகு இல்லாத ஊர்களில் வரட்டியாகிறது என்பது அவர் கண்டது. ஆகவே அவர் பரிந்துரைத்த மருந்து உரக் கல்வி அன்று. கிராமங்களை ஒட்டி விறகுக்கும் தீவனத்துக்குமான காடுகளை வளர்க்க வேண்டும் என்றார். அந்தப் பரிந்துரை பெருமளவு ஏட்டிலேயே நின்றுவிட்டது. நிலவரியை நம்பி இருந்த அரசு, வரி தராத நிலத்தை எளிதில் ஒதுக்கக்கூடியதாக இல்லை.

வோல்க்கர் கண்ட இந்தப் பற்றாக்குறை எல்லா இடங்களிலும் ஒரே வகையில் தீர்க்கப்படவில்லை. தக்காணத்தில் கால்வாய்ப் பாசனத்தில் கரும்பு பயிரிட்டவர்கள் கரிமத்தை விலை கொடுத்து வாங்கினார்கள். புனே நகரின் மனிதக் கழிவைச் சாம்பலோடு கலந்து உலர்த்தித் தயாரித்த எரு, நகரைச் சுற்றியிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு வண்டி வண்டியாகப் போனது. பிண்ணாக்கும் ஏராளமாக இடப்பட்டது. பணம் இருந்தவரின் வயலுக்கு வேறொருவரின் நிலத்தில் விளைந்த கரிமம் வந்து சேர்ந்தது என்பதுதான் இதன் பொருள். அந்தச் செழிப்புக்கும் ஒரு விலை இருந்தது: வடிகாலற்ற கரிசலில் நீர் தேங்கியது, உப்பு மேலேறியது. நீரா பள்ளத்தாக்கின் உவர் நிலங்களைப் பற்றி ஹெரால்டு மானும் தம்ஹானேயும் 1910இலேயே தனி ஆய்வேடு எழுத வேண்டியதாயிற்று.

ஐக்கிய மாகாணத்தின் சிறு உழவருக்கு வாங்கும் வசதி இல்லை. அங்கே கரும்பு வெட்டியவுடன் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட வேலைக்குப் போயின. கொழுந்து மாட்டுக்கு. சோகை கூரைக்கும் அடுப்புக்கும். சக்கை வெயிலில் உலர்ந்து வெல்லக் கொப்பரையின் அடியில் எரிந்தது. பல அடுப்புகளில் சக்கை மட்டும் போதவில்லை. சோகையும் சேர்ந்து எரிந்தது. கரும்புச் சாற்றில் பெரும்பகுதி நீர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த நீரை ஆவியாக்கித்தான் வெல்லம் பிறக்கிறது. எனவே அடுப்பு எவ்வளவு மோசமாக வெப்பத்தை வீணாக்கியதோ அவ்வளவுக்கு வயலின் பங்கு குறைந்தது. அந்த மாகாணத்தின் சர்க்கரைத் தொழில் குறித்து 1902இல் நூல் வெளியிட்ட சையத் முகம்மது ஹாதி, சாறு காய்ச்சும் கொப்பரை வரிசையையும் அடுப்பையும் திருத்தியமைத்தார். அது அவர் பெயராலேயே ‘ஹாதி முறை’ எனப்பட்டது. தொழில் வரலாற்றாசிரியர்கள் அதைச் சர்க்கரை உற்பத்தியின் கதையாகவே படித்திருக்கிறார்கள். மண்ணின் பக்கம் நின்று பார்த்தால் அது எரு மிச்சப்படுத்தும் முயற்சியும்தான், ஹாதிக்கு அந்த நோக்கம் இருந்ததோ இல்லையோ.

ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு நன்மை இருந்தது. எரிப்பு ஊருக்குள்ளேயே நடந்தது. கரிமம் புகையாகப் போனாலும், சாம்பலும் அதோடு சேர்ந்த அரைகுறையாக எரிந்த கரித்தூளும் ஊரைவிட்டு வெளியேறவில்லை. பக்கத்து வயல்களுக்கே போய்ச்சேர முடிந்தது. சாம்பல் உப்பு திரும்பியது, கொழுந்து தின்ற மாட்டின் சாணத்தில் ஒரு பங்கும் திரும்பியது. இந்தச் சுற்று முழுமையானதல்ல. எனினும் சுற்று என்று ஒன்று இருந்தது.

பாசனம் இதில் எந்தப் பக்கம் நின்றது என்பது குறித்து வரலாற்றாசிரியரிடையே உடன்பாடு இல்லை. எலிசபெத் விட்கோம் 1972இல் எழுதிய நூலில், கால்வாய்களும் அவற்றோடு வந்த பணப்பயிர்களும் வட இந்திய வேளாண்மையின் உள்சமநிலையைக் குலைத்தன, உவர் பரவியது என்று வாதிட்டார். இயன் ஸ்டோன் 1984இல் இதை மறுத்து, உழவர்கள் கால்வாயைத் தங்கள் தேவைக்கேற்ப வளைத்துப் பயன்படுத்திய விதத்தை எடுத்துக்காட்டினார். இருவர் வாதத்திலும் நீரும் உப்பும் விளைச்சலும் உண்டு. அடுப்பு பின்னணியிலேயே நிற்கிறது. எரிபொருள் கணக்கை உள்ளே கொண்டுவந்தால் இந்த விவாதத்தின் எல்லையே மாறக்கூடும்.

1912இல் ஷாஜகான்பூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் பணியை வழிநடத்திய ஜார்ஜ் கிளார்க் மாகாணத்தின் வேளாண் வேதியியலர். பின்னாளில் வேளாண்மை இயக்குநரானவர். ரோகில்கண்டின் அந்த மண் இலகுவானது, அங்ககப் பொருள் குறைந்தது. கரும்பு நடுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் நிலத்தைத் தரிசாக விட்டுத் திரும்பத் திரும்ப உழுவது வட்டார வழக்கம். கிளார்க் அந்தத் தரிசுக் காலத்தில் சணப்பை விதைத்தார். மழை தொடங்கியதும் சிறிதளவு தொழு உரத்தோடு விதைப்பு. இரண்டு மாதங்களில் மடக்கி உழவு. அதன் பிறகுதான் அவருடைய நுட்பம் தொடங்குகிறது. செப்டம்பர் முதல் பாதியில் பெய்த மழை 5 அங்குலத்துக்குக் குறைந்தால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப்பட்டது. விதை இல்லை, பயிர் இல்லை, வெறும் நிலத்துக்குப் பாசனம்! பார்த்த உழவருக்கு விந்தையாக இருந்திருக்கும். மடக்கிய சணப்பு மக்குவதற்கு ஈரம் வேண்டும், அதே ஈரம் நைட்ரேட் உருவாவதைத் தள்ளிப்போடவும் வேண்டும் என்பதே காரணம். பின்னர் குழி வெட்டி, அடிமண்ணைக் கிளறி, பிண்ணாக்கு கலந்து, கோடைக்கு முன் கரும்பு நடப்பட்டது. விளைச்சல் சுற்றுவட்டார வயல்களைவிட மிக அதிகமாக வந்தது. 1930ஆம் ஆண்டு இந்திய அறிவியல் மாநாட்டில் கிளார்க் இதை விரிவாக எடுத்துரைத்தார்.

இந்தச் சோதனையைப் பசுந்தாள் உரத்தின் வெற்றியாக இன்று பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மண் கரிமத்தைப் பெருக்கிய முன்மாதிரியாகவும் சிலர் காட்டுகிறார்கள். இரண்டாவது கூற்று ஏற்கத்தக்கதல்ல. கிளார்க் மாதந்தோறும் பின்தொடர்ந்தது நைட்ரேட்டை. இளம் சணப்பு நைட்ரஜன் மிகுந்தது, விரைவாக மக்குவது. வெப்ப மண்டலத்து மழைக்கால மண்ணில் அதன் கரிமத்தில் பெரும்பங்கு ஓராண்டுக்குள் காற்றுக்குத் திரும்பிவிடும். ஆழக் குழி வெட்டி மண்ணைப் புரட்டுவதும் அதை விரைவுபடுத்தவே செய்யும். ஷாஜகான்பூரில் செய்தது கரிமத்தைச் சேமிப்பதன்று. கரும்புக்குத் தேவைப்படும் நாளில் நைட்ரஜன் கிடைக்குமாறு கரிமத்தைத் திட்டமிட்டுச் செலவழிப்பது. உழவருக்கு அதுவே பயன். கரிமத்தின் கையிருப்பை மட்டும் எண்ணும் இன்றைய கணக்குமுறைக்கு இந்தப் பயன் கண்ணில் படாது.

கிளார்க்கின் பணியை உலகறியச் செய்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905இல் பூசாவுக்கு வந்து, 1924இல் இந்தூர் தாவரத் தொழில் நிறுவனத்தை அமைத்து, 1931இல் யஷ்வந்த் வாடுடன் இணைந்து வேளாண் கழிவுகள் பற்றிய நூலை வெளியிட்டவர். இந்தூர் முறையில் பயிர்க்கழிவும் சாணமும் மூத்திரம் ஊறிய மண்ணும் சாம்பலும் அடுக்கப்பட்டு, மூன்று மாதங்களில் மட்காகின்றன. கரிமத்துக்கும் நைட்ரஜனுக்குமான விகிதம் முப்பது சொச்சத்துக்கு ஒன்று என்று தொடங்கிப் பத்துக்கு ஒன்றில் வந்து நிற்கும். விகிதம் குறைவது என்றால் கரிமத்தில் பெரும்பகுதி குழியிலேயே காற்றில் கலக்கிறது என்பதும் அதில் அடங்கும். ஹோவர்ட் அதை இழப்பாகக் கருதவில்லை, மண்ணின் வளம் ஓட்டத்தில் இருக்கிறது என்பது அவர் பார்வை. ஆனால் அவருடைய முறை ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொண்டது: கழிவு என்று ஒரு பொருள் உழவரிடம் மிஞ்சி இருக்கிறது என்பதை. இந்தூரின் பருத்தி வட்டாரத்தைவிட விறகற்ற கங்கைச் சமவெளியில் அது பெரிய கற்பனை. வோல்க்கர் கேட்ட கேள்விக்கு ஹோவர்டிடம் முழு விடை இல்லை.

இந்த இடத்தில் அரசியல் குறுக்கிட்டது. 1932இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜாவா சர்க்கரை மீது உயர்ந்த சுங்கம் நிலைபெற்றதும், 30ஐச் சற்றே தாண்டியிருந்த ஆலைகளின் எண்ணிக்கை ஐந்தே ஆண்டுகளில் 130ஐக் கடந்தது. பெரும்பாலானவை ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் எழுந்தன. கோயம்புத்தூரில் பார்பரும் வெங்கட்ராமனும் நாணலோடு கலந்து உருவாக்கிய ‘கோ’ இரகங்கள் அதற்குள் வடக்கின் மெல்லிய நாட்டுக் கரும்புகளைப் பெரிதும் இடம்பெயர்த்திருந்தன. தடித்த தண்டு, வலுவான வேர், கூடுதல் சோகை. ஒரு ஏக்கர் நிலம் காற்றிலிருந்து கட்டும் கரிமம் முன்பைவிடக் கூடியது. திரும்பி வந்த அளவோ அதே வீதத்தில் கூடவில்லை.

காரணம் எளியது. கரும்பு ஆலைக்கு ரயிலேறியபோது சக்கையும் கூடவே ஏறியது. அது ஆலையின் கொதிகலனில் எரிந்தது. சாம்பல் ஆலை வாசலில் குவிந்தது. வடிகட்டிக் கசடாகிய பிரஸ்மட்டும் அங்கேயே கிடந்தது. ஊரில் மிஞ்சியது சோகையும் சாணமும் மட்டும். வெல்ல அடுப்பு அணைந்த வீடுகளிலும் சோற்று அடுப்பு எரிந்தாக வேண்டும். அந்தச் சுமை முன்னைவிடக் கூடுதலாக வரட்டியின் மீது விழுந்திருக்க வேண்டும். கோரக்பூர் கரும்பு உழவர் பற்றிய ஷாஹித் அமீனின் 1984ஆம் ஆண்டு நூல், குத்தகைத் தவணையும் முன்பணமும் வெட்டு நாளை எப்படி நிர்ணயித்தன என்று விரிவாகக் காட்டுகிறது. கடன்காரனின் நாள்காட்டியில் நடக்கும் பயிருக்கு மட்கு மூன்று மாதம் கனிவதற்குக் காத்திருக்கும் ஓய்வு ஏது?

ஹோவர்டின் கருத்து இந்தியக் கரும்பைவிட நேட்டால் கரும்பில் வேகமாக வேர்பிடித்தது என்பது ஒரு விந்தை. 1860 முதல் தமிழும் தெலுங்கும் பேசிய ஒப்பந்தக் கூலிகளின் உழைப்பில் எழுந்த அந்தத் தோட்டங்களில், 1930களில் ஆலைக்கழிவையும் சோகையையும் மட்காக்கும் முயற்சிகள் நடந்தன. அங்கேயே மவுண்ட் எட்ஜ்கோமில் 1939இல் தொடங்கிய ஒரு சோதனை இன்றும் தொடர்கிறது: சோகையை எரித்த பாத்திகள், எரிக்காமல் மூடாக்காக விட்ட பாத்திகள், உரமிட்டவை, இடாதவை. அறுபது ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது மூடாக்கு விட்ட பாத்திகளில் கரிமம் கூடியிருந்தது. ஆனால் கூடியது பெரும்பாலும் மேல் 10 சென்டிமீட்டரில். இந்த விவரம் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. உழாத மறுதாம்புப் பயிரில் சேரும் கரிமம் மேலடுக்கில் தங்குகிறது. மறுநடவுக்காக ஆழ உழும்போது அதில் ஒரு பங்கு கலைகிறது.

பிரேசிலிலும் குயின்ஸ்லாந்திலும் வெட்டுவதற்கு முன்பு நின்ற பயிரையே கொளுத்தினார்கள். குயின்ஸ்லாந்தில் இதைப் பரவலாக்கியது 1930களில் வெட்டுக்கூலிகளிடையே எலிகளால் பரவிய வீல் நோயும் அதையொட்டிய வேலைநிறுத்தமும். இந்தியாவில் கொழுந்து தீவனம் என்பதால் பயிர் பச்சையாகவே வெட்டப்படுகிறது. எரிப்பு வெட்டிய பிறகு. எனவே அந்நாடுகளில் தடைச்சட்டமும் வெட்டும் எந்திரமும் தந்த மாற்றத்தை இங்கே அப்படியே எதிர்பார்ப்பது பிழை. இங்கே எரிப்பைத் தூண்டுபவை வேறு. வீட்டில் எரிவாயு வந்ததும், கூரை ஓடாகிக் கான்கிரீட்டானதும், மாடு குறைந்ததும் சோகைக்கு இருந்த பழைய வேலைகள் போயின. நாட்டின் கரும்புப் பரப்பில் ஏறத்தாழ பாதி மறுதாம்பு. சோகையில் கரிமமும் நைட்ரஜனும் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தையும் தாண்டும். அப்படியே விட்டால் மக்கும் காலத்தில் அது மண்ணின் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும், துளிர்க்கும் கட்டையை மூடும், பாசன நீரை மறிக்கும். லக்னோவில் 1952இல் நிறுவப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிறுவனமும் பிற நிலையங்களும் ஊடுவரிசை மூடாக்கு, சோகை துண்டாக்கும் கருவி, டிரைக்கோடெர்மா பூஞ்சை என்று பல வழிகளைப் பரிந்துரைத்து வருகின்றன. கூடுதல் நைட்ரஜனும் கூடுதல் ஆளும் வேண்டும் என்பதால் தீக்குச்சியோடு போட்டியிட அவை திணறுகின்றன.

இனி அளவீட்டுக்கு வரலாம். கரிமத்தின் வரலாறு எழுதப் புகும் ஆய்வாளர் அதிகம் வழுக்கும் இடம் இதுவே. 1934இல் வாக்லியும் பிளாக்கும் வெளியிட்ட டைகுரோமேட் முறை இந்திய ஆய்வகங்களின் அன்றாட முறையாயிற்று. 1955-56இல் அமெரிக்க உதவியுடன் மண் பரிசோதனை நிலையங்கள் அமைந்தபோது கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே குறைவு, 0.75க்கு மேலே மிகுதி என்ற பிரிப்பு நிலைபெற்றது. இந்த எல்லைகள் எதற்காக? மண்ணில் கிடைக்கும் நைட்ரஜனை ஊகித்து யூரியா, அம்மோனியம் சல்பேட் அளவைப் பரிந்துரைக்க. அதாவது ‘கரிமம்’ என்று தலைப்பிட்ட அந்தப் பத்தி உண்மையில் நைட்ரஜனுக்கான பத்தி. மண்மாதிரி எடுத்த ஆழம் 15 சென்டிமீட்டர். மண்ணின் பருமன் அடர்த்தி அளக்கப்படவில்லை, உர அளவு சொல்ல அது தேவையில்லை. அது இல்லாமல் விழுக்காட்டை ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று மாற்ற இயலாது. இம்முறை சராசரியாக முக்கால் பங்குக் கரிமத்தையே ஆக்சிகரணிக்கிறது; அதனால் 1.3ஆல் பெருக்கும் வழக்கம் உண்டு. பழைய அட்டவணைகளில் பெருக்கினார்களா இல்லையா என்பது எல்லா இடத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கரித்தூளை இந்த முறை பெரிதும் தொடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக வெல்ல அடுப்புச் சாம்பல் கொட்டப்பட்ட வயல் ஒன்றில் நீடித்து நிற்கும் கரிமத்தின் ஒரு பகுதி, ஆய்வறிக்கையில் இல்லாமலே போயிருக்கலாம். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைகளும் இந்த மரபிலிருந்தே கிளைத்தவை.

இது ஏட்டுச் சிக்கல் மட்டுமன்று. வேளாண்மைக்கான தன்னார்வக் கரிமச் சந்தைக்கு இந்திய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் ஒரு சட்டகத்தை வெளியிட்டது. எந்தக் கரிமத் திட்டத்துக்கும் தொடக்க அளவு ஒன்று வேண்டும். கையில் மலிவாக இருப்பது நைட்ரஜனுக்காக அளந்த எண்கள். தொடக்க அளவு தவறாகத் தாழ்ந்தால் சேராத கரிமத்துக்குப் பணம் போகும். தவறாக உயர்ந்தால் உழைத்த உழவர் ஏமாறுவார். இன்னொரு புறம், 2000களில் தூய்மை வளர்ச்சி முறைமையின்கீழ்ப் பதிவான இந்தியத் திட்டங்களுள் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் கணிசமானவை. நிலக்கரிக்கு மாற்று என்ற வகையில் அந்தக் கணக்கு முறையானதே. இப்போது சில இடங்களில் சோகையையும் கட்டுகளாகக் கட்டிக் கொதிகலனுக்கு வாங்குகிறார்கள். எரித்தால் ஒரு கரிம மதிப்பு, எரிக்காமல் வயலில் விட்டால் இன்னொரு கரிம மதிப்பு. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே. 1902இன் கொப்பரை அடியில் நடந்த அதே பேரம், புதிய செலாவணியில்.

ஆகவே கரும்பு மண்ணின் கரிம வரலாற்றுக்கு மண் பகுப்பாய்வு அட்டவணைகளோடு ஆலைகளின் எரிபொருள் பதிவேடுகளையும், விறகு விலைப் பட்டியல்களையும், வெல்ல அடுப்பு குறித்த மாகாண அறிக்கைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வயலில் புதிய மாதிரி எடுப்போர் 15 சென்டிமீட்டரோடு நிற்காமல் ஒரு மீட்டர் வரை போவது, கரித்தூளைத் தனியே அளப்பது ஆகியவை செய்யக்கூடியவை. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வெல்ல அடுப்புகள் இன்னும் முற்றாக அணைந்துவிடவில்லை. அணைந்த ஊர்களிலும் அடுப்பு எந்த இடத்தில் இருந்தது, அதன் சாம்பல் யாருடைய வயலுக்குப் போனது என்று கைகாட்டிச் சொல்லக்கூடிய முதியோர் இருக்கிறார்கள்.